பெரிதாகக் கட்டுவதே சிக்கனம்

கையில் காசு குறைவாக இருந்தால் சின்னதாகச் செய் என்பது வீடு கட்டுவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் பொருந்துகிற புத்திமதி. அறிவியல் புனைகதையில் வரும் விண்கலத்தை, கடையில் விற்கும் கிட் எதையும் வாங்காமல், அட்டையும் பிளாஸ்டிக்கும் வெட்டி ஒட்டி முதலிலிருந்து கட்ட நினைப்பவருக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கட்டுவதுதான் மலிவு. முப்பது சென்டிமீட்டருக்குள் அடக்கப் பார்ப்பதுதான் பணத்தையும் கண் பார்வையையும் தின்கிற வேலை. கேட்டதும் நம்ப மாட்டார்கள். பட்ஜெட் இல்லாதவர்கள் எல்லோரும் சின்ன மாடலில் தொடங்கி, அது பொம்மை மாதிரி வந்துவிட்டதே என்று மனம் சோர்ந்து பாதியில் விட்டுவிடுவதற்கு இந்தத் தவறான சிக்கனமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான ஆதாரங்களில் பாதி ஹாலிவுட்டில் இருக்கின்றன. மீதி மைசூரிலேயே இருக்கின்றன.

எங்கள் தலைமுறையின் நினைவில் மைசூர் என்பது வருஷத்துக்குப் பத்து நாள் ஊரே கூடி மாடல் கட்டும் இடம். நவராத்திரிக்குத் தமிழ் வீடுகளில் கொலு, கன்னட வீடுகளில் பொம்பெ ஹப்பா. படிமேல் ஏறும் பொம்மைகள் பெரியவர்கள் பொறுப்பு; படிக்குக் கீழே தரையில் போடும் பார்க் பிள்ளைகள் பொறுப்பு. முளைவிட்ட ராகி வயலாகும், முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும், மண்ணைக் குவித்தால் சாமுண்டி மலை. 1975இல் ஆரியபட்டா மேலே போன பிறகு பல வீட்டுப் பார்க்குகளில் ஒரு ராக்கெட்டும் வந்து நின்றது. 1984இல் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் போனபோது அவருக்கான இந்தியச் சாப்பாடு மைசூர் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடத்தில்தான் தயாரானது என்பதால், விண்வெளியில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பு இன்னும் கூடியது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூர்தர்ஷன் ஸ்டார் ட்ரெக் காட்டியது. பிறகு நம் நாட்டிலேயே எடுத்த ஸ்பேஸ் சிட்டி சிக்மா வந்தது. பார்க் ராக்கெட்டுகளுக்கு இறக்கையும் ஜன்னலும் முளைத்தன. ஆனாலும் அந்த ராக்கெட்டுகள் எதுவும் ராக்கெட்டாகத் தெரிந்ததில்லை. ஷாம்பூ பாட்டில் ஷாம்பூ பாட்டிலாகவே நின்றது. அதே ஊரில், அதே வாரத்தில், விஜயதசமி ஊர்வலத்தில் போகும் அலங்கார வண்டிகளின் கோபுரமும் அணைக்கட்டும் மட்டும் அசலாகத் தெரிந்தன. அவையும் பிளைவுட், தெர்மகோல், துணி, பிளாஸ்டர் என்று சாதாரணச் சரக்கில் பிறந்தவைதான். அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஐந்து கிலோமீட்டர் போனால் அவற்றின் வேலை ஏறக்குறைய முடிந்தது. அதற்காக யாரும் தேக்கில் இழைக்கப்போவதில்லை. சரக்கு ஒன்றுதான், கைத்திறனிலும் மலைக்கும் மடுவுக்கும் இடையிலான தூரம் கிடையாது. அளவுதான் வேறு.

அளவு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் கற்பனைக் கலம் 200 மீட்டர் நீளம், அதை 2 மீட்டரில் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1:100. இந்த அளவில் ஒரு மனிதர் 17 மில்லிமீட்டர் உயரம். கழிவுநீருக்குப் போடும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் 11 மீட்டர் விட்டமுள்ள உருளையாகிறது. நிலாவுக்கு மனிதரை ஏற்றிப்போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் அடிப்பகுதி விட்டம் சுமார் 10 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் குழாய்த் துண்டின் மதிப்பு புரியும். சுவருக்குள் ஒயர் போகும் 20 மில்லிமீட்டர் குழாய், ஆள் உள்ளே நடந்துபோகும் 2 மீட்டர்க் குழாயாகிறது. மாத்திரைப் பட்டையில் ஒரு குமிழ் ஒரு மீட்டர் அகலமுள்ள மூடி. பேனா மூடி ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள எரிபொருள் கலன். பழைய சீப்பின் பற்கள் வெப்பம் வெளியேற்றும் கம்பிவலை. இப்போது அதே கலத்தை 30 சென்டிமீட்டரில் கட்டிப் பாருங்கள். மனிதர் இரண்டரை மில்லிமீட்டர். ஒரு மீட்டர் மூடி ஒன்றரை மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பொருத்தமான பொருள் எந்த வீட்டிலும் கிடைக்காது. பழைய சாமான் விற்கும் குஜரிக் கடையிலும் கிடைக்காது. அமிலத்தில் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடு, ரெசின் வார்ப்பு, உருப்பெருக்கிக் கண்ணாடி, நுண்ணிய துளைக்கருவி என்று வெளிநாட்டுச் சரக்கைத் தேடிப் போக வேண்டும். கப்பல் கூலியும் சுங்கமும் அதற்கு மேல். நாம் தூக்கியெறியும் பொருள்கள் எல்லாம் மனிதக் கைக்காகச் செய்யப்பட்டவை. அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சாண் வரைக்கும்தான் அவற்றின் உலகம். அந்தக் கையளவுப் பொருள்கள் இயந்திர அளவுப் பொருள்களாக மாறும்படி கலத்தின் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், குப்பைத்தொட்டி உதிரிபாகக் கடையாகிவிடும்.

குப்பை குப்பையாகத்தானே தெரியும் என்பது எல்லோருக்கும் எழும் சந்தேகம். ஒட்டி முடித்த நிலையில் அப்படித்தான் தெரியும். ஒரு சாண் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சன்போர்டு எனப்படும் வெள்ளை பிவிசி நுரைப் பலகையின்மேல் நீல பேனா மூடி, வெள்ளி மாத்திரைப் பட்டை, பச்சை நிற சர்க்யூட் போர்டுத் துண்டு, சிவப்பு பற்பசை மூடி, காலியான ரீஃபில் குழாய்கள் வரிசையாக. பார்க்கக் கண்ணைக் குத்தும். அதன்மேல் கார் பட்டறையில் அடிக்கும் சாம்பல் நிற ப்ரைமரை மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். நிறம் போனதும் பொருளின் பெயரும் போய்விடுகிறது. மாத்திரைப் பட்டையின் மேடு நிழலை விழச் செய்கிறது, ரீஃபில் வரிசை குழாய்ப் பாதையாகிறது, சர்க்யூட் போர்டில் உருக்கி வைத்த ஈயப் புள்ளிகள் ரிவெட்டுகளாகின்றன. கண்ணுக்குப் பொருள் தெரிவதில்லை. விளிம்பும் நிழலும்தான் தெரிகின்றன. பிறகு கருங்காப்பி நிற அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி உடனே துணியால் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கி, பல வருஷம் ஓடிய இயந்திரமாகிவிடும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. எழுத்து அச்சாகியிருக்கும் பொருளையும், எவரும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணும் முழு வடிவத்தையும் அப்படியே ஒட்டக் கூடாது. பாட்டில் மூடியைப் பாதியாக வெட்டுங்கள், பட்டையைத் திருப்பி ஒட்டுங்கள். பார்க் ராக்கெட்டில் ஷாம்பூ பாட்டில் ஷாம்பூ பாட்டிலாகவே நின்றதற்குக் காரணம், அதை யாரும் வெட்டவில்லை என்பதுதான்.

திரைப்படத்துக்கு மாடல் கட்டியவர்கள் இதைத் தொழிலாகவே செய்தார்கள். 1968இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தின் டிஸ்கவரி கலத்தின் பெரிய மாடல் 54 அடி நீளம். 1972இன் சைலன்ட் ரன்னிங் படத்துக்காக டக்ளஸ் ட்ரம்புல் குழுவினர் கட்டிய வேலி ஃபோர்ஜ் 26 அடி. அதன் மேற்பரப்பை நிரப்பியவை நூற்றுக்கணக்கான ராணுவ டாங்க் கிட்டுகளின் உதிரிகள். 1977இல் க்ளோஸ் என்கவுன்டர்ஸ் படத்துக்காக கிரெக் ஜெய்ன் தலைமையில் கட்டிய தாய்க்கலம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்ப்பவர்கள் அதில் ஒரு தபால்பெட்டி, ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன் என்று சம்பந்தமே இல்லாத பொடிப்பொருள்களைக் கண்டுபிடிக்கிறார்கள். திரையில் பார்த்த ஒருவருக்கும் அவை தெரியவில்லை. அவர்களுக்குக் கோடிக்கணக்கில் பட்ஜெட் இருந்ததே, அதை எப்படிச் சிக்கனத்துக்கு உதாரணமாகச் சொல்லலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேமராவின் குவியத்துக்காகவும் அவர்களுக்குப் பெரிய மாடல் தேவைப்பட்டது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் பணம் இருந்தவர்களே ஒவ்வொரு நுண்பாகத்தையும் புதிதாக வார்க்காமல், கடையில் சல்லிசாகக் கிடைத்த கிட்டுகளை உடைத்து ஒட்டினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர்களுக்கு டாங்க் கிட், நமக்கு மாத்திரைப் பட்டை. தொலைக்காட்சிக்காரர்களின் சிக்கனம் இன்னும் வெளிப்படையானது. 1964இல் கட்டிய ஸ்டார் ட்ரெக்கின் என்டர்பிரைஸ் மாடல் பதினோரு அடிக்கு மேல் நீளம், பெரும்பாலும் மரம். கேமரா வலப்பக்கத்தை மட்டுமே பார்க்கும் என்பதால் இடப்பக்கத்தை முழுதாக முடிக்கவே இல்லை. விளக்குக்கான ஒயர்கள் அந்தப் பக்கமாக வெளியே வந்தன. கொலுப் பொம்மையின் முதுகில் வர்ணம் குறைவாக இருப்பதற்கும் இதே நியாயம்தான். சுவரோரம் வைக்கப்போகிற கலத்துக்குப் பின்பக்கம் எதற்கு? செலவில் ஏறக்குறைய பாதி அங்கேயே மிச்சம்.  

என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சியும் ஹாலிவுட்டிலிருந்தே வருகிறது. 1977இன் ஸ்டார் வார்ஸ் முதல் காட்சியில் திரையின் மேல்விளிம்பிலிருந்து முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் ஸ்டார் டெஸ்ட்ராயரின் மாடல் வெறும் மூன்றடி. அது துரத்துகிற சின்னக் கலத்தின் மாடல் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். மூன்றடியிலேயே பிரம்மாண்டத்தைக் கொண்டுவர முடியுமென்றால் இரண்டு மீட்டர் எதற்கு? முடியும்தான். ஆனால் கதைப்படி 1,600 மீட்டர் நீளமுள்ள அந்தக் கலம் 91 சென்டிமீட்டரில் சுமார் 1:1750 ஆகிறது. மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி அதில் 1.7 மில்லிமீட்டர். அந்த நுணுக்கத்துக்குத் தேர்ந்த தொழிலாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து உழைத்தார்கள். படமெடுத்ததும் அதற்கென்றே வடிவமைத்த கேமரா. அப்படியிருந்தும் 1980இல் அடுத்த படத்துக்கு, ஜன்னல் வெளிச்சங்களோடு, எட்டடி நீளத்தில் இன்னொரு ஸ்டார் டெஸ்ட்ராயரைக் கட்டினார்கள். சின்னதில் பெரியதைக் காட்டுவது உச்சத்திறன் உள்ளவர்களின் வேலை. அந்தத் திறனே விலை உயர்ந்த சரக்கு. அது கைவராதவர்களுக்கு நீளம் கைகொடுக்கிறது.

ஜன்னல் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. தசரா இரவுகளில் மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில் எரியும்போது கல்லும் தூணும் இருட்டில் மறைந்து, ஒரே சீரான சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. கட்டடம் பகலில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிவது அப்போதுதான். ஒரு பல்பின் அளவு நமக்குத் தெரியும்; அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதைக் கண் தானாகவே எண்ணி அளவைத் தீர்மானித்துக்கொள்கிறது. விண்கலத்திலும் அப்படியே. எவ்வளவு நுணுக்கமாக உதிரிகளை ஒட்டினாலும், ஜன்னல்கள் ஒழுங்கான அளவில் இல்லாவிட்டால் எல்லாம் வீண். 1:100இல் ஒரு தளத்தின் உயரம் மூன்று சென்டிமீட்டர். ஜன்னல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தளக்கோட்டைப் பென்சிலால் போட்டுக்கொண்டு, அதன்மேல் மட்டுமே ஜன்னல் வெட்ட வேண்டும். உள்ளே எல்.இ.டி. பட்டை வைக்கும் முன் உட்சுவர் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவது அவசியம். வெள்ளை சன்போர்டு வெளிச்சத்தைக் கசியவிடும், கலம் மொத்தமும் ட்யூப்லைட் போலப் பளபளத்து அளவு உணர்வு அடியோடு போய்விடும். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் வரவும் கூடாது. சிலவற்றின் உட்புறம் காகிதம் ஒட்டி மூடிவிட்டால், உள்ளே சிலர் தூங்குகிறார்கள், சிலர் வேலை செய்கிறார்கள் என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தானாக வரும்.

நீளம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கனஅளவு எட்டு மடங்கு, ஆகவே செலவும் எகிறும் என்று பள்ளிக் கணக்கை வைத்து மறுப்பவர்கள் உண்டு. கெட்டியாகச் செதுக்கினால் அந்தக் கணக்கு சரி. நாம் கட்டுவது உள்ளே காலியான கூடு. எட்டு மடங்கு இங்கே வராது, நான்கு மடங்குதான் வரும். அந்த நான்கு மடங்கும் எவ்வளவு என்று பார்த்தால், இரண்டு மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், அதே உயரம் உள்ள உடலுக்குத் தோல் இரண்டு சதுர மீட்டர். உள்ளே தாங்கி நிற்க இருபது சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் பத்து. அவை சுமார் 0.6 சதுர மீட்டர். எட்டுக்கு நான்கு அடி சன்போர்டு ஒரே ஷீட்டில் ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர் இருக்கிறது. முழு ஷீட் வாங்கக்கூட வேண்டியதில்லை. பேனர் கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளே பெரும்பகுதிக்குப் போதும். முதுகெலும்பாக அலுமினிய ஜன்னல் செய்பவரிடம் மிஞ்சிய சதுரக் குழாய் ஒன்று. பிவிசிக்கு ஃபெவிகால் பிடிக்காது, ஃபெவிக்விக் வகைப் பசைதான் பிடிக்கும். பசையில் கஞ்சத்தனம் கூடாது. தெர்மகோலைப் பயன்படுத்துவதானால் ஸ்ப்ரே பெயின்ட் அதை அரித்துக் கரைத்துவிடும், முதலில் ஃபெவிகாலில் சாக்பவுடர் குழைத்துப் பூசி மூட வேண்டும். மவுன்ட் போர்டு மலிவு, ஆனால் மைசூரின் ஆனி, ஆடித் தூறலில் ஈரம் குடித்து நெளியும். அதற்கு இரண்டு பக்கமும் வார்னிஷ் கட்டாயம். வளைவான பாகங்கள்தான் உண்மையான சிக்கல். தகட்டை ஒரு திசையில் வளைக்கலாம், இரண்டு திசையில் வளைக்க முடியாது. அரைக்கோளத்துக்கும் எஞ்சின் முனைக்கும் கொலுப் பொம்மைக்காரர்களின் காகிதக்கூழ் முறை இருக்கிறது. பெங்களூர் போகும் வழியில் சென்னபட்டணத்தில் கடைசல் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அரக்குப் பூச்சு மரப்பொம்மைக்குத் தலைமுறை தலைமுறையாக உருண்டையும் கூம்பும் கடைந்துகொண்டிருப்பவர்களுக்கு ராக்கெட் முனை புது வேலையே இல்லை.

நேரம் என்று வந்தால் நான் விட்டுக்கொடுக்கிறேன். பெரிய மாடல் அதிக நேரம் கேட்கும். இதை மறுப்பது நேர்மையாகாது. அதைக் குறைக்க ஒரே வழி, எல்லா இடத்தையும் நிரப்பாமல் இருப்பது. உண்மையான கப்பலிலும் விமானத்திலும் பெரும்பரப்பு வெறுமையாகத்தான் இருக்கிறது. சிக்கலெல்லாம் மூட்டுகளிலும் பள்ளங்களிலும் எஞ்சின் பக்கத்திலும் கூடிக்கிடக்கிறது. ஸ்டார் டெஸ்ட்ராயரிலும் அகன்ற மேற்பரப்பு அமைதியாக இருந்து, ஓரத்துப் பள்ளத்தில் நெரிசல் இருப்பதால்தான் கண் நம்புகிறது.

த்ரீடி பிரிண்டர் வந்த பிறகு இந்தக் குப்பை சேகரிப்பெல்லாம் எதற்கு என்பது இன்றைய இளைஞர்கள் கேட்பது. பிரிண்டரை நான் வெறுப்பவனில்லை. ஒரே மாதிரி நாற்பது ஆன்டெனா வேண்டுமென்றால் அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் வீட்டில் வாங்கக்கூடிய சாதாரண பிரிண்டரின் மேடை ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் உடலைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் அச்சிட்டு, அடுக்குக் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து, பிறகு ஒட்ட வேண்டும். தட்டையான ஒரு சுவருக்கு இவ்வளவும் செய்வது பணத்துக்கும் கேடு, நாளுக்கும் கேடு. அதைவிட முக்கியமான குறை, பிரிண்டர் நாம் வரைந்ததை மட்டுமே தரும். குஜரிக் கடையில் உடைந்த மிக்ஸியின் அடிப்பாகத்தைப் புரட்டிப் பார்க்கும்போது, நாம் யோசித்தே இராத ஒரு காற்றுத்துளை வரிசை கண்ணில் படுகிறது. கலத்தின் வால்பகுதி அந்த நொடியில் வேறு வடிவம் எடுக்கிறது. இப்படிக் கட்டிய கலம் எந்தப் படத்தின் நகலாகவும் இருக்க முடியாது. மைசூரில் கிடைத்த மிக்ஸியும் குழாயும் மாத்திரைப் பட்டையும் தீர்மானித்த வடிவம் அது.

கடைசியாக இடம். இரண்டு மீட்டரை எங்கே வைப்பது என்பதுதான் வீட்டில் உள்ளவர்கள் முதலில் கேட்பது. அவர்கள் கேட்பதில் தப்பில்லை. திட்டம் வரையும்போதே கலத்தை மூன்று பாகமாகப் பிரித்துவிட வேண்டும். முதுகெலும்புக் குழாயை இரண்டு இடத்தில் அறுத்து, உள்ளே நுழையும் சற்றுச் சின்னக் குழாயைச் சொருகி, போல்ட் போட்டுவிட்டால் பிரிக்கவும் சேர்க்கவும் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. விளக்கு ஒயருக்கும் அதே இடத்தில் பிளக். பிரியும் கோடு கண்ணில் படாமலிருக்க அதை உடலின் அகலமான பள்ளத்திலோ பட்டையின் அடியிலோ அமைக்க வேண்டும். ஒரு பாகம் எழுபது சென்டிமீட்டருக்குள் அடங்கினால் கதவில் நுழையும், ஆட்டோவின் பின்சீட்டில் ஏறும், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குப் போய் மேஜைமேல் மறுபடி இரண்டு மீட்டராக நிற்கும்.